கருப்பட்டியின் தலை

“இது ஏன் ஓடுச்சு டீச்சர்?”

கேட்டவர் முத்திருளன். கேட்டபடியே கையிலிருந்த உரச்சாக்கைக் கொட்டகை வாசலில் இறக்கி வைத்தார். சாக்குக்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஒரு ஆட்டுக்கிடாவின் தலை.

“வாங்கண்ணே. மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

“தண்ணியெல்லாம் வேணாம். பதில் வேணும்.”

டீச்சர் என்று அவர் கூப்பிட்டது ஜெசிந்தாவை. கால்நடைக் கல்லூரி ஒன்றில் எலும்புப் பாடம் நடத்தியவர். மேலே இருந்தவர்களோடு ஒத்துவரவில்லை, வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்துவிட்டார். இப்போது ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் மண்டையோடுகளைச் சுத்தம் செய்து வெளுத்துக் கொடுக்கிறார். பாதி கல்லூரிகளுக்குப் போகும். மீதி வீடுகளுக்கு. தலையைத் தோலோடு பஞ்சடைத்து மாட்டுவது ஒரு வகை; வெறும் மண்டையோட்டைக் கொம்போடு பலகையில் அறைந்து மாட்டுவது ஐரோப்பாக்காரர் பாணி. ஜெசிந்தா செய்வது இரண்டாவது வகை. முத்திருளனைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். அதனாலென்ன? சுத்துப்பட்டு முழுக்க அவருக்கு ‘எலும்பு டீச்சர்’ என்றுதான் பெயர்.

“இதுக்குப் பேரு இருக்கா?”

“கருப்பட்டி.”

பேரைச் சொன்ன முத்திருளன் சாக்கின் வாயை இழுத்து மூடினார்.

“முட்டுக் கிடா டீச்சர். எங்க சுத்து வட்டாரத்துல இவன நின்னு முட்ட ஆளு கிடையாது. போன இடமெல்லாம் ஜெயிப்புத்தான். இந்தப் பொங்கல் முட்டுல எதுக்க நின்னது ஒரு சவலை. ஊதுனா விழுந்துரும். ரெண்டு முட்டு முட்டுனான். மூணாவதுக்குப் பின்னால போனான். போனான், போய்க்கிட்டே இருந்தான். திடீர்னு திரும்பி ஒரே ஓட்டம்.”

“எங்க ஓடுனான்?”

“எங்கிட்டத்தான். கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு வந்து என் வேட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்குறான். ஊரே கை கொட்டிச் சிரிக்குது. மானமே போச்சு.”

“அப்பறம்?”

“அப்பறமென்ன, அன்னைக்கே அறுத்தாச்சு. சேக்காளிகளுக்குக் கறிச்சோறு போட்டேன். நான் ஒரு துண்டு திங்கலை.”

தின்றாரா என்று யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

“சரி. இதை என்ன செய்யணும்?”

“வெளுக்கணும். வெள்ளை வெளேர்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். வாசலுக்கு எதுத்த சுவத்துல மாட்டணும்.”

“ஜெயிச்ச கிடாவத்தான் மாட்டுவாங்க. ஓடுன கிடாவ எதுக்குண்ணே?”

“ஓடுனா என்ன கதின்னு வீட்டுல இருக்கிறவங்க பாக்கட்டும்.”

“வீட்டுல வேற கிடா நிக்குதா?”

“இல்லை.”

“பெறகு யாரு பாக்கணும்?”

முத்திருளன் செருப்பைக் கழற்றினார், மறுபடியும் மாட்டினார்.

“எம் மக வந்திருக்கா” என்றார்.

ஜெசிந்தா ஒரு முக்காலியை இழுத்து அவர் பக்கம் தள்ளினார். இந்தத் தடவை மனிதர் உட்கார்ந்தார்.

“பேரு சிவரஞ்சனி. ஒத்தப் புள்ளை. கட்டிக் குடுத்து ஒண்ணரை வருசமாச்சு. பொங்கலுக்கு முந்தி ஒருநா, பையும் கையுமா வந்து வாசல்ல நிக்குறா. இனி அங்க போகமாட்டேங்கிறா. ஏன்டீன்னா வாயத் தொறக்க மாட்டேங்கிறா. நானும் கேக்குறேன், அவ ஆத்தாளும் கேக்குறா. ஏன் வந்த, ஏன் வந்தன்னு கேட்டா அழுகைதான். மாப்பிள்ளைக்குப் போனைப் போட்டேன். ‘ஒண்ணுமில்ல மாமா, சின்னச் சடவு’ன்னாரு. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னுட்டாரு. தங்கமான மனுசன்.”

“அப்படியா.”

“பின்னே? இவ எங்க வீட்டுல இருந்தப்ப என்ன ஆட்டம் ஆடுவா தெரியுமா? மரத்துல ஏறுவா, புழுதியில பொரளுவா. அந்த வீட்டுக்குப் போன பெறகுதான் அடக்க ஒடுக்கமே வந்துச்சு. தலை தீபாவளிக்கு வந்து எறங்குனா பாருங்க, கழுத்து மூடி, முழுக்கைச் சட்டை போட்டு, மகாலச்சுமியாட்டம்! எனக்கு அம்புட்டுப் பெருமை. தெருவெல்லாம் கூப்பிட்டுக் காட்டுனேன். அப்பேர்ப்பட்ட வீட்டை விட்டுட்டு ஓடி வந்திருக்கா. நான் ஓடுற சாதியா வளத்தேன்? ஒரே பொங்கல்ல, வளத்த ரெண்டும் ஓடி வந்தா மனுசன் எங்க போயி முட்டிக்கிறது, சொல்லுங்க.”

ஜெசிந்தா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்கு அவகாசம் இருந்தது. ரொம்ப இல்லை.

“அதுவரைக்கும் அந்தப் புள்ள உங்க வீட்டுலதான் இருக்கும்ல?”

“வேற எங்க போவா?”

“சரி. செஞ்சிரலாம்.”

“செய்யுறது இருக்கட்டும். மொதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க. நீங்க எலும்பைப் பாத்தே எல்லாத்தையும் சொல்லிருவீங்கன்னு ஊருல பேசிக்கிறாக. இவன் ஏன் ஓடுனான்? கண்ணேறா? எவனும் மருந்து கிருந்து வச்சுட்டானா? இல்ல பொறவியிலயே பயந்தாங்கொள்ளியா?”

“ஏன்னு கேட்டா எலும்பு பேசாதுண்ணே.”

“வேற எப்படிக் கேக்கணும்?”

ஜெசிந்தா உள்ளே போனார். திரும்பி வந்து ஒரு சின்னக் கத்தியை முத்திருளன் கையில் வைத்தார்.

“என்னது? நானா?”

“நீங்கதான்.”

*

முத்திருளன் எத்தனையோ ஆடு உரித்தவர். தலைத் தோலை வாங்குவது அவருக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் அன்றைக்குக் கத்தி ஓடவில்லை.

மடியில் போட்டு உண்ணி பொறுக்கிய தலை. ராத்திரிச் சோற்றில் பாதியைக் கேட்டு முட்டிய வாய். அந்தக் காது மடலுக்குப் பின்னால் சொறிந்துவிட்டால் கருப்பட்டிக்குக் கண் சொக்கிப் போகும். அந்த இடம் வந்ததும் மனிதர் கத்தியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

“பொகை” என்றார் திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடுப்பை இன்னும் பற்றவைக்கவே இல்லை.

தோல், சதை, கண், நாக்கு எல்லாம் போனது. பின்னந்தலைத் துவாரம் வழியாக ஒரு வளைந்த கம்பியை விட்டு மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொன்னார் ஜெசிந்தா. முத்திருளன் எடுத்தார். பிறகு பெரிய அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றித் தலையை இறக்கினார்கள்.

முத்திருளன் அடுப்பில் விறகைத் திணித்தார்.

ஜெசிந்தா இழுத்துப் போட்டார்.

அவர் மறுபடியும் திணித்தார். இவர் மறுபடியும் இழுத்தார்.

“டீச்சர், இந்தத் தீயில வெந்நி வச்சுக் குளிக்கக்கூட முடியாது. நல்லாக் கொதிக்க விட்டா சீக்கிரம் கழண்டுரும்ல?”

“கழண்டுரும். எலும்பும் வெடிச்சிரும். மூக்குக்குள்ள சருகு மாதிரி மெல்லிசா எலும்பு இருக்கு. அம்புட்டும் உதிர்ந்து போயிரும். தண்ணி சுடணும், கொதிக்கக் கூடாது.”

“வெள்ளிக்கிழமை…”

“தெரியும்ணே.”

சாயங்காலம் வரை இருவரும் சட்டிக்குக் காவல் இருந்தார்கள். முத்திருளனுக்கு வேட்டியும் நாறியது, கையும் நாறியது. வீட்டுக்குப் போனால் சிவரஞ்சனிதான் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொம்பை வாங்கிக்கொண்டார். பேச்சு நின்று போய் நாளாயிற்று.

*

மறுநாள் முத்திருளன் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

“என்னண்ணே இது?”

“பிளீச்சிங் பவுடர். எங்க பஞ்சாயத்துக் கிணத்துக்குப் போடுறது. கரைச்சு ஊத்துனா ஒரே ராத்திரியில வெளுத்துரும்.”

ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு மண்டையோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வெள்ளாட்டுத் தலை. வெள்ளை என்றால் வெள்ளை, சுண்ணாம்பு தோற்றது.

“ஆகா! இதேதான் டீச்சர் எனக்கு வேணும்.”

“நல்லாப் பிடிச்சுப் பாருங்க.”

பிடித்தார். விரல் பட்ட இடம் மாவாக உதிர்ந்தது. முத்திருளன் பதறிப்போய் அதை மேசையில் வைத்தார்.

“பிளீச்சிங் போட்டது” என்றார் ஜெசிந்தா.

இன்னொரு மண்டையோட்டை எடுத்து நீட்டினார். இதுவும் வெள்ளைதான். கெட்டியாகவும் இருந்தது. முத்திருளன் உஷாராக இரண்டு விரலால் பிடித்தார்.

“மோந்து பாருங்க.”

மோந்தார். மூஞ்சி கோணியது. “அய்யய்ய!”

“உள்ள கொழுப்பு இருக்கையிலயே அவசரப்பட்டு வெளுத்துட்டாங்க. கொஞ்ச நாள் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப மஞ்ச மஞ்சளாக் கசிஞ்சு வருது. இனி இதை ஒண்ணும் பண்ண முடியாது.”

“அப்ப எப்படித்தான் வெளுக்குறது?”

“சோப்புத் தண்ணியில ஊறப்போட்டு, தண்ணிய மாத்தி மாத்தி, கொழுப்பு அம்புட்டும் எறங்கணும். அதுக்கப்பறம் பெராக்சைடு. வெளுக்குறதுதான்ணே கடைசி வேலை.”

முத்திருளனுக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது.

“நான் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன் டீச்சர். ஒத்தக் கேள்வி. நீங்க எனக்குக் கசாப்புக்கடை வேலை குடுத்து உக்கார வச்சிருக்கீக. வீட்டுல சோலி இல்லாமயா நான் இங்க வந்து பொண நாத்தத்துல கெடக்கேன்?”

“கோவமா இருக்கீங்க.”

“இருக்காதா பின்னே?”

“அப்ப இன்னைக்குப் பல் தேய்க்கலாம்.”

“என்னது?”

“கருப்பட்டிக்கு.” ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை நீட்டினார். “பல் இடுக்குல சதை ஒட்டியிருக்கு.”

முத்திருளன் அவரை முறைத்தார். பிரஷ்ஷை முறைத்தார். பிறகு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். வேறென்ன செய்ய? தேய்க்கத் தேய்க்கக் கோபம் போய், “ஆவாரம்பூ மேயுறதுன்னா உசுரு இவனுக்கு” என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

*

வியாழக்கிழமை கொம்புக்கு வந்தார்கள்.

சிவப்புப் பெயிண்ட் பூசிய கொம்பு. ஒவ்வொரு முட்டுக்கு முன்னாலும் முத்திருளனே உட்கார்ந்து பூசுவார். அடியிலிருந்து நுனிவரை பளபளவென்று இருக்கும்.

“ரெண்டையும் கழட்டணும்.”

“கொம்பையா? கொம்புதானே டீச்சர் அழகு!”

“நாம பாக்குறது உறைதான்ணே. உள்ள எலும்பு இருக்கு. கழட்டிச் சுத்தம் பண்ணலைன்னா உள்ளயே அழுகி நாறும். சுத்தம் பண்ணிட்டுத் திரும்ப மாட்டிரலாம்.”

வெந்நீரில் கொம்படி நன்றாக ஊறியிருந்தது. முத்திருளன் இடது கொம்பைப் பிடித்துத் திருகினார். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே இருந்த எலும்பு சுத்தமாக, கூம்பு மாதிரி நின்றது.

வலது கொம்பு அசையவில்லை. காலை ஊன்றி, பல்லைக் கடித்துத் திருகினார். சளக்கென்று ஒரு சத்தம். கொம்பு கையோடு வந்தது, கூடவே கறுப்பாக ஒரு நீரும். இத்தனை நாளும் பட்ட நாற்றமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

ஜெசிந்தா குழாயைத் திறந்துவிட்டார். முத்திருளன் கழுவினார். கழுவியதும் அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தீகளா டீச்சர்! கொம்படி கட்டியிருக்கிறதை!”

வலது கொம்பின் அடியில் எலும்பு புடைத்து நின்றது.

“கொம்படி கட்டுறதுன்னா?”

“இது தெரியாதா உங்களுக்கு? நல்ல முட்டுக் கிடாய்க்கு முட்ட முட்ட இந்த எடம் பொடைச்சு இறுகும். வைரம் பாயுறதுன்னு சொல்லுவோம். கட்டிருச்சுன்னா அதுக்கப்பறம் அசைக்க முடியாது. இவனுக்குக் கட்ட ஆரம்பிச்சதும் நான் தேங்கா ஒடைச்சேன். தெனம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வச்சுத் தேச்சு விடுவேன். கை வச்சாத் துள்ளுவான். தலைய ஒதறிக்கிட்டுப் போயிருவான். ரோசக்காரப் பய, கொம்புல கைவைக்க விடமாட்டான்னு சொல்லிச் சிரிப்போம்.”

ஜெசிந்தா அலமாரிக்குப் போனார். ஒரு எலும்பை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார்.

“கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாத்துச் சொல்லுங்க.”

முத்திருளன் கண்ணை மூடினார். விளையாட்டுப் போலத் தடவினார்.

“இதென்ன, ஆட்டுக் கால் எலும்பு. முன்னங்கால்.”

“வேற?”

“ஒடைஞ்சு கூடுனது. மூங்கில் வச்சுக் கட்டலை, தானாக் கூடிருக்கு. பாவம், ரொம்ப நாளு நொண்டியிருக்கும்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“பொறந்ததுல இருந்து ஆட்டோடதானே கெடக்கேன் டீச்சர். ஒடைஞ்ச எடம் கூடுறப்ப இப்படித்தான், மொளி மாதிரிப் பொடைச்சுக்கிட்டு…”

நிறுத்திவிட்டார்.

கண்ணைத் திறந்தார். கால் எலும்பை வைத்துவிட்டுக் கருப்பட்டியின் தலையைக் கையில் எடுத்தார். புடைப்பின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார். ஜெசிந்தா குழாயை மூடினார்.

“இங்க ஒரு வெடிப்பு, வழுவழுன்னு மூடிருச்சு” என்றார் முத்திருளன். “இது பழசு.”

விரலை நகர்த்தினார்.

“அதுக்கு மேலயே இன்னொண்ணு. இது சொரசொரன்னு இருக்கு. பாதி கூடுறதுக்குள்ள மறுபடியும் ஒடைஞ்சிருக்கு.”

மறுபடியும் நகர்த்தினார். இந்த இடத்தில் நகம் உள்ளே போனது.

“இது மூடவே இல்லை.”

ஜெசிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சித்திரையில ஒரு பெரிய முட்டு, ஜெயிச்சான். அதுக்கப்பறந்தான் பொடைக்க ஆரம்பிச்சுச்சு. நான் தேங்கா ஒடைச்சேன்ல, அப்ப. ஆடியில ஒரு முட்டு, பித்தளை அண்டா பரிசு. அதுலயும் ஜெயிச்சான். கார்த்திகையில…” கட்டைவிரல் மூடாத வெடிப்பில் வந்து நின்றது. “கார்த்திகையிலயும் ஜெயிச்சான் டீச்சர். நான் அவன் கொம்பைப் பிடிச்சுத்தான் இழுத்துட்டுப் போனேன். வரமாட்டேன்னு நின்னான். ரெண்டு போடு போட்டு இழுத்துட்டுப் போனேன்.”

தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஈரம் வேட்டியில் இறங்கியது. இந்தத் தடவை புகை என்றெல்லாம் சொல்லவில்லை, வாய்விட்டே அழுதார்.

“இம்புட்டையும் வச்சுக்கிட்டா முட்டுன? எப்ப இருந்துடா? எப்ப இருந்து இப்படி?”

கேட்ட வாய் அப்படியே நின்றது.

மெல்ல நிமிர்ந்து ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா அவரைப் பார்த்தார்.

முத்திருளன் தலையை மேசைமேல் பதனமாக வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவவில்லை. செருப்பு மாட்டவில்லை. கொட்டகை வாசலுக்குப் போய்ச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

“அண்ணே, இதை வெளுக்க வேணாமா?”

அவர் காதில் விழவில்லை. அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டிருந்தது.

“அப்பா?”

பேச்சு நின்று போன பிறகு, அவர் அவளைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அவள் பயந்துபோனாள்.

“பையெல்லாம் எடுத்து வச்சிட்டேன்பா. நாளைக்கு அவுக வந்ததும் கெளம்பிருறேன். நீங்க சத்தம் போடாதீங்கப்பா.”

“ரஞ்சி.”

“ம்.”

“ஏன் வந்தன்னு கேக்கலை ஆத்தா. இனி கேக்கவும் மாட்டேன்.”

முத்திருளன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“எப்ப இருந்து ஆத்தா?”

வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. முத்திருளன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தலை தீபாவளிக்கு முந்தியே இருந்துப்பா” என்றாள் சிவரஞ்சனி. “அதான் அன்னைக்கு முழுக்கைச் சட்டை போட்டுட்டு வந்தேன்.”